கண்ணோரத்து இலக்கணம்

எங்கள் ஊரில் இதற்குக் கோழிக்கால் என்று பெயர்.
கண்ணின் கடைக்கோடியில் மூன்று விரல் பதித்துவிட்டுத்
திரும்பிப் போக மறந்த கோழி.

குரிச்சிபாவில் அன்றும் தூறல்.
டாக்டர் இவோனி ஷ்லிக்டிங்
கையில் கண்ணாடியைத் தந்து சிரிக்கச் சொன்னார்.
சிரித்தேன்.
வெள்ளைப் பென்சிலால் என் கோடுகளின் மேல் கோடு போட்டு
மீன்கடைக்காரி மாதிரி
ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

களிம்பு மலிவு; ஆனால் ஒரு வருடம் பொறுமை வேண்டும்.
லேசர் என்றால் ஒரு வாரம்
வெந்த தக்காளி போல் நடமாட வேண்டும்.
பள்ளத்தை நிரப்ப ஜெல் இருக்கிறது.
இமையை வெட்டித் தைக்கலாம்,
"உங்களுக்கு இன்னும் பத்து வருடம் போகட்டும்."
ஊசி என்றால் பதினைந்தே நிமிடம்,
மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.
நெற்றிக்கும் சேர்த்துப் போட்டால் தள்ளுபடி.
பத்துத் தவணை. வட்டி கிடையாது.

படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம்.
நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று எழுதினேன்.
எந்த மொழி என்று அவர் கேட்கவில்லை.
தள்ளுபடிக் கணக்கில் இருந்த நானும்
சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் கோழி பறந்துவிட்டது.
"கடற்கரைக்குப் போய் வந்தாயா ஜுசாரா?"
என்றார்கள் அலுவலகத்தில்.
ஆமாம் என்றேன்.

பத்தாம் நாள் சாட்சிக் கூண்டில்
அன்செல்மோ வோஸ்னியாக், பிறவியிலேயே காது கேளாதவர்.
மர அறுவை ஆலையில் தீ.
உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டிருந்தான்.
வக்கீல் கேட்டார்:
"அன்று இரவு கதவைப் பூட்டினீர்களா?"

இரவு. கதவு. பூட்டு. நீ.
நான்கு சைகைகள், பிசகில்லாமல்.
ஆனால் எங்கள் மொழியில்
கேள்வி விரல்களில் இல்லை.
புருவம் ஏற வேண்டும்.
பூட்டினாயா என்றுதான் கேட்டேன்;
பூட்டினாய் என்று போய்ச் சேர்ந்தது.
அந்தக் கடைசி 'ஆ'
என் நெற்றிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவர் முகம் வெளுத்தது.
மரத்தூள் ஏறிய நகங்கள்
தொடைமேல் அப்படியே கிடந்தன.
பிறகு மெல்ல எழுந்து கேட்டன.

"என்ன சொல்கிறார்?" என்றார் நீதிபதி.

சாட்சி சொல்வதைச் சாட்சியின் சொல்லிலேயே
சொல்வது என் கடமை.
ஒலிவாங்கியில் சொன்னேன்:
"நீ என்னைக் கேட்கிறாயா, சொல்கிறாயா?"
அறை முழுக்க என்னைப் பார்த்தது.
என் கேள்வி என்று நினைத்தார்கள்.
என்னை நோக்கிய கேள்வி என்று
எனக்கு மட்டும் தெரியும், அவருக்கும்.

இடைவேளை கேட்டேன்.
காரணம் சொன்னேன்.
எழுத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்
தட்டெழுதினார்:
மொழிபெயர்ப்பாளரின் புருவம் இயங்கவில்லை.
அது இன்றும் கோப்பில் இருக்கிறது, முத்திரையோடு.
என் இடத்துக்கு நெய்தியை வரவழைத்தார்கள்.
அவளுக்கு அறுபத்தோரு வயது,
முகம் நன்றாக உழுத நிலம்.
அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார்.
பூட்டவில்லை.

நான்கு மாதம் கோப்புகளை அடுக்கினேன்.
இடது புருவம்தான் முதலில் எழுந்தது.
இரண்டு வாரம் எல்லாவற்றையும்
அரைக் கேள்வியாகக் கேட்டேன்;
ஆலோசனை கேட்க வந்த பெண்
நான் கிண்டல் செய்வதாகக் கோபித்துக்கொண்டாள்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பார்கள்.
கோழி மிதிக்காமல் முடமானவள் நான்.

நேற்று டாக்டரிடமிருந்து குறுஞ்செய்தி:
புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது, பழைய விலையிலேயே.
தவணை இன்னும் ஆறு பாக்கி.
அழிக்கவில்லை. பதிலும் போடவில்லை.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று
ஈரக் கைகளால் என்னையே கேட்டுப் பார்த்தேன்:
போட்டுக்கொள்ளவா?

புருவம் இரண்டும் ஏறின.
நெற்றியில் நான்கு வரி, கோணலாக.
சிரிப்பு வந்தது.
பின்னாலேயே கோழியும் வந்தது.